ஐந்து ரவுண்ட், ஒன்பது வாரம்: சீனியர் வெண்டர் மேனேஜர் நேர்காணல் அனுபவம்

ஒரு நிதிச் சேவை நிறுவனத்தில் சீனியர் வெண்டர் மேனேஜர் பதவிக்கு ஐந்து ரவுண்ட் நேர்காணல் முடித்து, ஒன்பதாவது வாரம் கைக்கு வந்த ஆஃபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆனால் அங்கே என்ன கேட்டார்கள், எப்படி நடத்தினார்கள், எந்த ரவுண்ட் மனசுக்கு நிறைவாக இருந்தது, எங்கே கசந்துபோனது என்பதை விவரமாக எழுதுகிறேன். நான் தயாராகும்போது இந்தப் பதவிக்கென்று தமிழில் தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் எந்த வேலைக்கும் பொருந்துகிற "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" ரகம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வருடமாக வாங்குகிற பக்கமே உட்கார்ந்து பழகியவன் நான். வெண்டர்கள் வருவார்கள், பிரசன்டேஷன் போடுவார்கள், கொட்டேஷன் கொடுப்பார்கள், நாம் கேள்வி கேட்போம், "சொல்லி அனுப்புகிறோம்" என்போம். நேர்காணலில் இது அப்படியே தலைகீழ். விற்கிற இடத்தில் நாம், வாங்குகிற இடத்தில் அவர்கள். ஒரு நிறுவனம் தன் வெண்டர்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமா, நேர்காணலில் நம்மை எப்படி நடத்துகிறது என்று பார்த்தாலே போதும். இது எனக்கு நான்காவது ரவுண்டில்தான் உறைத்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் ரவுண்ட் ரெக்ரூட்டரின் போன் கால், இருபது நிமிடம். பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். எத்தனை வெண்டர்கள் உங்கள் கையில், வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு, உங்களுக்குக் கீழே எத்தனை பேர், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இப்போதைய சம்பளம் என்ன என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த எண்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். குறிப்பாக மொத்தச் செலவு என்று கேட்கும்போது நீங்களே நேரடியாகப் பொறுப்பேற்ற ஒப்பந்தங்களின் மதிப்பையும் உங்கள் டீம் முழுவதும் பார்த்துக்கொள்வதையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். பெரிய எண்ணாகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் பின்னால் பேனலில் யாராவது தோண்டுவார்கள், அப்போது இறங்கி வருவது கஷ்டம்.

அவருக்குப் பர்ச்சேஸ் வேலைக்கும் வெண்டர் மேனேஜ்மென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "மாதம் எத்தனை பிஓ போடுவீர்கள்?" என்று கேட்டார், பிஓ என்றால் வாங்குவதற்குப் போடும் ஆர்டர். நான் பொறுமையாக விளக்கினேன்: ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை ஒருவர் வேலை, கையெழுத்து விழுந்த மறுநாளிலிருந்து ஆரம்பிப்பது எங்கள் வேலை. சேவை சொன்னபடி வருகிறதா, இன்வாய்ஸும் ஒப்பந்தமும் ஒத்துப்போகிறதா, வெண்டருக்குள் ஏதாவது ஆட்டம் கண்டிருக்கிறதா, ரெனியூவலுக்கு எப்போது மணி அடிக்க வேண்டும், பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது. அவர் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அது எனக்குப் பிடித்தது.

இரண்டாவது ரவுண்ட் ஹைரிங் மேனேஜருடன், அதாவது இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும் மேலாளருடன், ஒரு மணி நேரம் வீடியோ கால். மொத்த அனுபவத்திலும் தலைசிறந்தது இதுதான். மனிதர் இந்தத் தொழிலை உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்தவர். ரெஸ்யூமேயை ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தார், அதுவே பாதி பேர் செய்யாத காரியம்.

அவருடைய முதல் கேள்வியே இது: "கடைசியாக நீங்கள் ஒரு வெண்டரை நிறுத்திய சம்பவத்தைச் சொல்லுங்கள்." நான் சொன்னேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஐடி ஹெல்ப்டெஸ்க் நடத்திய வெண்டர், மாதா மாதம் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. பதினைந்து நிமிடத்துக்குள் பதில் என்பது ஒப்பந்தம், 98 சதவீதம் டிக்கெட்டுகளுக்கு, அதாவது பதிவான புகார்களுக்கு, பதினைந்து நிமிடத்துக்குள் பதில் போயிருக்கிறது. ஆனால் கேன்டீனில் யாரைக் கேட்டாலும் ஹெல்ப்டெஸ்க் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். உட்கார்ந்து இருநூறு டிக்கெட்டை ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் "பதில்" வெறும் தானியங்கி மெயில். "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்று ஒரு வரி. அப்புறம் மூன்று நாள் யாரும் தொடவில்லை, தொட்டவர்கள் "தீர்ந்தது" என்று மூட, பயனாளி திரும்பத் திறக்க, மறுபடி மூட. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு, தொழிலில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்போம். பதில் நேரத்தை அளப்பதை விட்டுவிட்டு, தீர்வு நேரத்தையும் மூடிய டிக்கெட் எத்தனை சதவீதம் திரும்பத் திறக்கப்படுகிறது என்பதையும் அளக்கும்படி ஒப்பந்தத்தைத் திருத்தினோம், ஆறு மாதம் பார்த்தோம், தேறவில்லை, நிறுத்தினோம்.

பொதுவாக இங்கே "சரி, அடுத்தது" என்று போய்விடுவார்கள். இவர் போகவில்லை. "அவர்கள் பக்கம் என்ன நியாயம் இருந்தது?" என்றார்.

இந்தக் கேள்வியை எனக்கு யாரும் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். ஒப்பந்தம் போடும்போது நாங்கள் கொடுத்த கணக்கு மாதம் இவ்வளவு டிக்கெட் என்று, நடைமுறையில் வந்ததோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலையை ஏற்றித் தரச் சொல்லி அவர்கள் இரண்டு முறை கடிதம் எழுதியிருந்தார்கள், எங்கள் பக்கம் அதற்குப் பதிலே போகவில்லை. ஆட்களைக் கூட்ட வழியில்லாமல் அவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் அந்தத் தானியங்கி மெயில். தப்பு தப்புதான், ஆனால் அது முளைத்த இடம் எங்கள் ஒப்பந்தம். அவர் தலையாட்டிவிட்டு, "இதைச் சொல்கிறவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். இந்த ரவுண்டுக்குப் போகிறவர்கள் உங்கள் வெற்றிக் கதைகளோடு சேர்த்து, வெண்டர் பக்கத்து நியாயத்தையும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் எண் கேள்விகள். 99.9 சதவீத அப்டைம் என்றால் மாதத்துக்கு எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்கலாம்? முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிடம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 43 நிமிடம் சொச்சம். உடனே அடுத்தது: ஒரே சேவைக்குள் இரண்டு வெண்டர்கள் சங்கிலியாக நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் தனித்தனியே 99.9, அப்போது? இரண்டையும் பெருக்கினால் 99.8, அதாவது மாதத்துக்கு 86 நிமிடம் வரை நின்றாலும் இரண்டு வெண்டர்களும் "நாங்கள் சரியாகத்தான் இருக்கிறோம்" என்று நிற்பார்கள், நம் வாடிக்கையாளர் நம்மைத் திட்டுவார். பராமரிப்புக்கென்று முன்கூட்டிச் சொல்லி நிறுத்தும் நேரம் கணக்கில் வருமா வராதா என்று நானே கேட்டேன், அவர் சிரித்தார். கேள்விக்கு முன் வரையறையைக் கேட்பது இந்த வேலையில் முக்கியம்.

மூன்றாவது ரவுண்ட் பேனல். நிதித்துறையிலிருந்து ஒருவர், தகவல் பாதுகாப்பிலிருந்து ஒருவர், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். சட்டப் பிரிவுக்காரர் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார், கேமராவைப் போடவில்லை, ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. நான் ஒரு பதிலுக்கு நடுவில் இருந்தபோது அவர் வேறு எங்கோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. வருத்தமாக இருந்தது. ஒரு வெண்டர் இப்படி நம் மீட்டிங்குக்கு வந்திருந்தால் அன்றைக்கே அவர்கள் மேலாளருக்கு மெயில் போயிருக்கும்.

கேள்விகள் மட்டும் தரமானவை. தகவல் பாதுகாப்பு மேடம் கேட்டது சாக் 2 அறிக்கை பற்றி, வெண்டரின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை வெளி ஆடிட்டர் சோதித்துத் தரும் அறிக்கை அது. டைப் 1 என்பது குறிப்பிட்ட ஒரு தேதியில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதற்கு, டைப் 2 என்பது பல மாதங்களாக அவை உண்மையில் வேலை செய்தனவா என்பதற்கு. இது எல்லோருக்கும் தெரியும், அவர் கேட்டது அதற்கு அடுத்தது: "அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்புவீர்கள்?" நான் சொன்ன வரிசை இது. நாம் வாங்கும் சேவை அந்த அறிக்கையின் எல்லைக்குள் வருகிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை சோதித்திருக்கிறார்கள், ஆடிட்டர் விதிவிலக்காகக் குறித்தவை என்னென்ன, கடைசியாக, வாடிக்கையாளராகிய நாம் செய்ய வேண்டும் என்று அவர்கள் நம் தலையில் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் எவை. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. வேலையை விட்டுப் போன ஊழியரின் லாகினை நாம்தான் நீக்கச் சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும், நாம் சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால் வெண்டரின் சான்றிதழ் நம்மைக் காப்பாற்றாது.

2024 ஜூலை 19 கேள்வியும் வந்தது. கணினிப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் க்ரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட் ஒன்று போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கிய நாள். "நாங்கள் க்ரவுட்ஸ்ட்ரைக் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்று காலை உங்கள் முதல் வேலை என்ன?" நல்ல கேள்வி, ஏனென்றால் நாம் வாங்காவிட்டால் என்ன, நம் வெண்டர் வாங்கியிருப்பார், அவருடைய வெண்டர் வாங்கியிருப்பார். முக்கியமான சேவைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வெண்டருக்கும் அன்று காலையே போன் போட்டு, உங்களுக்கும் உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பாதிப்பா என்று கேட்பேன், அந்தப் போன் நம்பர் நடு ராத்திரியிலும் எடுக்கிற ஆளுடையதா என்று அதற்கு ரொம்ப முன்பே சரிபார்த்து வைத்திருப்பேன் என்றேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஐடி கோளாறுகளை நிதி நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்கான டோரா விதிமுறை 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது, நிதி நிறுவனங்கள் தங்கள் ஐடி வெண்டர் ஒப்பந்தங்களுக்கு முழுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிதித்துறை நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்றால் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், என்னிடம் இரண்டு கேள்வி அதிலிருந்துதான்.

நிதித்துறைக்காரர் கேட்டது ஒரே கணக்கு. இன்வாய்ஸைப் பத்து நாளில் கட்டினால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லாவிட்டால் முப்பதாம் நாள் முழுத் தொகை. எதை எடுப்பீர்கள்? நூறு கட்ட வேண்டிய இடத்தில் 98 கட்டுகிறோம், இருபது நாள் முன்னால் கட்டுவதற்கு 98-க்கு 2 மிச்சம், அதாவது 2.04 சதவீதம். வருடத்தில் இருபது நாள் 18.25 தடவை வரும். பெருக்கினால் வருடத்துக்கு 37 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நிறுவனம் வாங்கியிருக்கும் கடனுக்கு வட்டி இதைவிடக் குறைவு என்றால், கடன் வாங்கியாவது பத்தாம் நாள் கட்டிவிடுவதுதான் லாபம். வாயால் சொல்லாமல் திரையைப் பகிர்ந்து எழுதிக் காட்டினேன், அது எடுபட்டது.

தாமதமாக வந்த சட்டப் பிரிவுக்காரரும் ஒன்று கேட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மூன்று பேரில் கூர்மையான கேள்வி அவருடையதுதான். சர்வீஸ் கிரெடிட் (சேவை தவறினால் கட்டணத்தில் தரும் கழிவு) மட்டுமே ஒரே நிவாரணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் விடுவீர்களா? விடமாட்டேன். மாதக் கட்டணத்தில் ஒரு சிறு சதவீதத்தைக் கழித்துவிட்டு, சேவை எத்தனை மாதம் நொண்டினாலும் நாம் வெளியேறவும் முடியாது, நஷ்டஈடு கேட்கவும் முடியாது என்று கையைக் கட்டிப்போடுகிற வரி அது. தொடர்ந்து மூன்று மாதம் தவறினாலோ பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை தவறினாலோ ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று தனியாக எழுதி வாங்குவேன் என்றேன்.

நான்காவது ரவுண்ட் கேஸ் ஸ்டடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெயில் வந்தது, ஞாயிறு ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு எக்செல் ஷீட், 140 வெண்டர்கள், ஒவ்வொருவருக்கும் செலவு, ஒப்பந்தம் முடியும் தேதி, சேவை வகை. இதைப் பார்த்து யாரை வைத்துக்கொள்வது, யாரைக் குறைப்பது, முதல் தொண்ணூறு நாளில் என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். வார இறுதி முழுக்கப் போயிற்று. மெயிலில் "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று ஒரு வரிகூட இல்லை.

ஷீட்டை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். ஒரு கலத்தில் இருந்த ஃபார்முலா வேறு எங்கிருந்தோ எண்ணை இழுத்தது, எங்கிருந்து என்று பார்த்தால் மறைத்து வைக்கப்பட்ட ஒரு டேப், அதே ஃபைலுக்குள் இன்னொரு ஷீட். திறந்தேன். வெண்டர் 17, வெண்டர் 18 என்று முதல் பக்கத்தில் இருந்தவர்களின் நிஜப் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன ரேட், எவ்வளவு தள்ளுபடி, அடுத்த ரெனியூவலில் நிறுவனம் எதுவரை இறங்கத் தயார் என்பது வரை. அதில் ஒரு வெண்டர் நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கும் சேவை தருகிறவர்.

கை நின்றுவிட்டது. இந்த வேலையில் எனக்குப் புனிதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், ஒரு வெண்டர் நம்மை நம்பிக் கொடுக்கிற ரேட்டை இன்னொருவர் கண்ணில் காட்டக் கூடாது. ஃபைலை மூடி, அழித்துவிட்டு, ரெக்ரூட்டருக்கும் ஹைரிங் மேனேஜருக்கும் அன்று இரவே எழுதினேன்: இந்த ஃபைலில் வெளியே போகக் கூடாத விவரம் இருக்கிறது, நான் அழித்துவிட்டேன், வேறு ஃபைல் அனுப்புங்கள், எனக்கு முன்னால் வேறு யாருக்கெல்லாம் போனது என்று பாருங்கள். மறுநாள் காலை ரெக்ரூட்டரிடமிருந்து "அது டம்மி டேட்டாதான், கவலைப்பட வேண்டாம்" என்று பதில். ஒரு மணி நேரத்தில் அந்த டேப் இல்லாத புது ஃபைல். டம்மி என்றால் ஏன் மாற்ற வேண்டும்? கெடு மட்டும் மாறவில்லை, ஞாயிறு ஆறு மணியேதான்.

செய்து கொடுத்தேன், பதினான்கு பக்கம். 1983-இல் பீட்டர் க்ராலிக் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த நான்கு கட்டப் பிரிப்பை அடித்தளமாக வைத்தேன். வெண்டர் கைவிட்டால் எவ்வளவு ஆபத்து என்பது ஒரு பக்கம், வாங்குவது நம் தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பது மறுபக்கம். நாற்பது வருடம் தாண்டியும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம், செலவு அதிகமானவர்தான் முக்கியமான வெண்டர் என்கிற தப்பை அது முதல் பார்வையிலேயே உடைத்துவிடும். அந்த ஷீட்டிலேயே மொத்தச் செலவில் அரை சதவீதம்கூட வராத ஒரு சின்ன வெண்டர் இருந்தார், ஆனால் தினசரி கணக்கு ஒத்துப்பார்க்கும் மென்பொருள் அவருடையது, அவர் ஒருநாள் படுத்தால் மொத்த நிறுவனமும் படுக்கும். அவருக்கு ஒப்பந்தம் முடிய எழுபது நாள்தான் பாக்கி. தொண்ணூறு நாள் திட்டத்தில் முதல் வேலையாக அவரைத்தான் வைத்தேன்.

ஐந்தாவது ரவுண்ட் அந்தப் பிரிவின் தலைவருடன். முதல் பாதி என் பதினான்கு பக்கத்தைப் பற்றி. அவருக்கு 140 வெண்டர்களை 60 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஐடி ஆட்கள் சேவை, பயணம், அச்சு போன்றவற்றில் குறைக்கலாம், முக்கியச் சேவைகளில் ஒருவரையே நம்புவது ஆபத்து என்றேன். உதாரணம் கேட்டார், சொன்னேன். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. சில நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள், ஆனால் புகையும் தண்ணீரும் தூசு படக் கூடாத அறைகளுக்குள் போய்விட்டன. நோக்கியாவும் எரிக்சனும் அங்கிருந்து வாங்கினார்கள். நோக்கியா முதல் தகவல் வந்ததுமே தினமும் விசாரித்து, மாற்று இடங்களைப் பிடித்துச் சமாளித்தது. எரிக்சனுக்குச் சில பாகங்களுக்கு வேறு ஆளே இல்லை, சுமார் 40 கோடி டாலர் அளவுக்கு அடி வாங்கியது. அவர் கேட்டுக்கொண்டார், குறிப்பு எதுவும் எடுக்கவில்லை.

இரண்டாம் பாதி பேரம் பேசும் நாடகம். அவர் வெண்டர், நான் வாங்குகிறவர். ரெனியூவலுக்கு அறுபது நாள் இருக்கும்போது 12 சதவீத விலையேற்றம் கேட்கிறார். நான் முதலில் கேட்டது இந்த 12 எங்கிருந்து வந்தது என்று, சம்பள உயர்வு எவ்வளவு, லைசென்ஸ் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னேன். சம்பளப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மாற்றாக இரண்டு வருட ஒப்பந்தம், ஏற்றத்துக்கு உச்சவரம்பு, முப்பது நாளுக்குள் பணம் என்று கொடுத்து வாங்கினேன். ஐந்தரை சதவீதத்தில் முடிந்தது. நாடகம் முடிந்ததும் அவர் முகத்தில் திருப்தி இல்லை. "இன்னும் கசக்கியிருக்கலாமே, அவர்களுக்கு வேறு வழியா இருக்கிறது?" என்றார். கசக்கலாம், ஆறு மாதத்தில் அனுபவசாலிகளை வேறு வாடிக்கையாளரிடம் அனுப்பிவிட்டு நமக்குப் புது ஆட்களைப் போடுவார்கள், அதை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது என்றேன். அவர் "பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

நானும் கேள்வி கேட்கலாம் என்றபோது, பேசிய எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: உங்கள் வெண்டர்களுக்கு இன்வாய்ஸ் கொடுத்ததிலிருந்து எத்தனை நாளில் பணம் போகிறது? நான்கு பேருக்குத் தெரியவில்லை, நிதித்துறைக்காரர் உட்பட. தலைவர், "அது அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்றார். ஹைரிங் மேனேஜர் மட்டும் மறைக்காமல், "ஒப்பந்தத்தில் 45 நாள், நடைமுறையில் எழுபதைத் தாண்டுகிறது, அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதவியையே கேட்டு வாங்கினேன்" என்றார். நேர்காணலுக்குப் போகும் எல்லோரும் இதைக் கேளுங்கள் என்று சொல்வேன், வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு தகவல் கிடைக்காது.

அப்புறம் மௌனம். ஒரு வாரம், இரண்டு வாரம். நான் மெயில் போட்டால் "இன்டர்னல் அப்ரூவலில் இருக்கிறது" என்று ஒரே வரி. நாலு வாரம் கழித்து ஆஃபர் வந்தது, பதவிப் பெயரில் சீனியர் இல்லை, சம்பளம் முதல் போன் காலில் சொன்ன வரம்புக்குக் கீழே, பொறுப்புகள் மட்டும் அப்படியே, இரண்டு நாளில் கையெழுத்துப் போட வேண்டும். வேலையின் அளவைக் குறைக்காமல் ரேட்டை மட்டும் குறைத்துக் கடைசி நிமிடத்தில் நீட்டுவது. வெண்டர்களிடம் சிலர் செய்வார்கள், நான் செய்ததில்லை. பதவிப் பெயரைத் திருத்த முடியுமா, சொன்ன வரம்புக்குள் கொண்டுவர முடியுமா, யோசிக்க ஒரு வாரம் தர முடியுமா என்று மூன்று கேட்டேன். மூன்றுக்கும் இல்லை. நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

இதே காலத்தில் ஒரு உற்பத்தி நிறுவனத்துக்கும் போயிருந்தேன், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று ரவுண்ட், பதினாறு நாள். முதல் நாளே எத்தனை ரவுண்ட், யார் யார், எந்தத் தேதிக்குள் முடிவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே முடிவும் வந்தது. வீட்டுக்கு வேலை எதுவும் தரவில்லை. நேரில் உட்கார வைத்து, காலாவதியான, பெயர்களை நீக்கிய ஒரு ஒப்பந்தத்தின் எட்டுப் பக்கத்தைக் கையில் கொடுத்து, நாற்பத்தைந்து நிமிடத்தில் எங்கெல்லாம் ஓட்டை என்று பென்சிலால் குறிக்கச் சொன்னார்கள். தானாகவே ரெனியூ ஆகும் வரி ஒன்று, வெளியேறும்போது டேட்டாவைத் திருப்பித் தர எத்தனை நாள் என்று எழுதாத இடம் ஒன்று, கீழ் வெண்டரை நம்மிடம் கேட்காமல் மாற்றலாம் என்ற வரி ஒன்று என ஒன்பது இடம் குறித்தேன். பதினோரு இடம் இருக்கிறது என்று, நான் விட்ட இரண்டையும் பொறுமையாகக் காட்டினார்கள். பணம் எத்தனை நாளில் என்று கேட்டபோது பர்ச்சேஸ் தலைவர் லேப்டாப்பைத் திருப்பி அந்த மாதத்துச் சராசரியைக் காட்டினார், 34. "முப்பதாக இருக்க வேண்டும், இன்னும் வரவில்லை" என்றார். அங்கேதான் சேர்ந்திருக்கிறேன்.

முதல் நிறுவனத்துக்கு என் மதிப்பெண்: கேள்விகளின் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை, ஹைரிங் மேனேஜருக்கு முழுசாக ஐந்து, நேரத்துக்கும் மரியாதைக்கும் ஒன்றரை, ஆஃபர் கொடுத்த விதத்துக்கு ஒன்று. வெண்டர் மேனேஜ்மென்ட்டில் உங்கள் ஆழம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் அந்த இரண்டாவது, மூன்றாவது ரவுண்டுக்காகவே போகலாம். கேஸ் ஸ்டடி ஃபைலில் மறைந்த டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மறுத்து மூன்று வாரம் கழித்து அந்த ஹைரிங் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. என் தொண்ணூறு நாள் திட்டத்தில் அந்தச் சின்ன மென்பொருள் வெண்டரைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். அந்தப் பக்கம் அவர்களிடம்தான் இருந்தது, கேட்காமலே எடுத்திருக்கலாம், கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். மறைந்த டேப் இருந்த அந்த ஃபைல் எனக்கு முன்னால் நாலு பேருக்குப் போயிருந்ததாம், அதில் பெயர் இருந்த வெண்டர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.